கரண்ட் வைத்த தொண்டை: கேள்வி பதில்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, நம் பேச்சில் ‘கரண்ட்’, வைக்கும் பிரிவில் 26 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்க விளைவுகளைப் பற்றிக் கேளுங்கள். ‘பிழைப்பாரா’ என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

தேனி: சிஸ்டர், அப்பாவுக்குத் தொண்டையில் 35 கரண்ட், வாரம் ஒரு கீமோ. 17 முடிந்தது. வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஒரு வாரம் நிறுத்திவிட்டுத் தொடரலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். 35 என்றால் பெரும்பாலும் நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவு), மொத்தம் 70. வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். நடுவில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்று அணுக்கள் மறுபடி பெருகும். நாலாவது வாரத்துக்குப் பிறகு அந்த வேகம் இன்னும் அதிகம்.

வாயின் உள்தோல் தினமும் உதிர்ந்து புதிதாக வளர்வது. கரண்ட் அந்தப் புது வளர்ச்சியைத் தடுக்கிறது. அதனால்தான் இரண்டு, மூன்று வாரத்தில் புண் தெரிகிறது. இன்னும் கூடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி கரண்ட் முடிந்தும் ஒன்றிரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கும்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பட்டும். ஆல்கஹால் கலந்த, எரிகிற மவுத்வாஷ் வேண்டாம். வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சுரண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். மார்ஃபின் எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். என் வார்டில் ஒரு பெரியவர் ‘அடிமையாகிவிடுவேன் தாயி’ என்று ஐந்து மாத்திரையை வேட்டி மடிப்பில் ஒளித்து வைத்திருந்தார். ஐந்து நாளும் பட்டினி. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். பல் டாக்டரைப் பார்த்தாயிற்றா?

திருச்சி: மூக்கு வழியாக டியூப் போடச் சொல்கிறார்கள். கடைசிக் கட்டமா?

இல்லை. எடை இறங்காமல் பார்க்கும் வழி, அவ்வளவுதான். ரொம்ப இளைத்தால் தலை அசையாமலிருக்க முகத்துக்கு அச்செடுத்த மாஸ்க் லூசாகி, கதிர் குறி தவறும். டியூப் இருந்தாலும், டாக்டர் தடுக்காதவரை, தினமும் நாலு மடக்காவது வாயால் விழுங்கட்டும். சும்மா விட்ட தொண்டை விழுங்குவதை மறந்துவிடும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுப்புரம்: கரண்ட் வைத்துக்கொண்டு வந்து பேரனைத் தூக்கலாமா?

தாராளமாக. மெஷினை அணைத்ததும் உடம்பில் கதிர் எதுவும் மிச்சமில்லை.

கோவை: ரசம் குடிக்கலாமா?

வேண்டாம். புளியும் மிளகும் புண்ணில் நெருப்பு.

கும்பகோணம்: அக்கா, ரசத்தைப் போய் வேண்டாம் என்கிறீர்களே! மிளகுதானே சளியை அறுக்கும்? என் மாமனாருக்கு வாயில் நூல் நூலாகச் சளி.

அது நெஞ்சுச் சளி இல்லையம்மா, எச்சில். காதுக்குக் கீழே இருக்கும் சுரப்பி நீர்த்த எச்சிலைத் தருவது. கரண்ட் பட்டு அது வற்றியதும் பசை மாதிரியான எச்சில்தான் மிஞ்சுகிறது. மிளகு அதை அறுக்காது. மேலே சொன்ன சமையல் சோடாத் தண்ணீர் கொப்பளிப்பதும், அடிக்கடி ஒரு வாய் தண்ணீரும் அறுக்கும்.

கும்பகோணம், மறுபடி: புளி, மிளகு இல்லாமல் வைத்தால்?

அதற்குப் பெயர் பருப்புத் தண்ணீர். தாராளமாகக் கொடுங்கள், ஒரு ஸ்பூன் நெய்யோடு. பாலில் ஊறிய இட்லி, புளிக்காத தயிரில் குழைத்த சோறு, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டையைக் கஞ்சியோடு மிக்ஸியில் அடித்தது, எல்லாம் இறங்கும். ஆற வைத்துக் கொடுங்கள்.

சேலம்: கரண்ட் முடிந்து இரண்டு வருடம். கடவாய்ப் பல் ஆடுகிறது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் பிடுங்கிக்கொள்ளவா?

பிடுங்காதீர்கள்! கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. பல் எடுத்த குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். இரண்டு வருடம் என்ன, இருபது வருடம் ஆனாலும் இந்த ஆபத்து உண்டு. முதலில் உங்கள் கதிர்வீச்சு டாக்டரிடம் போங்கள். பல் டாக்டரிடம் கரண்ட் வைத்ததைச் சொல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். கெட்ட பல்லைக் கரண்ட் தொடங்க இரண்டு வாரம் முன்பே எடுத்திருக்க வேண்டும். இன்னும் தொடங்காதவர்கள் நாளைக்கே போய்ப் பல்லைக் காட்டுங்கள்.

நாகர்கோவில்: வாய் முழுதாகத் திறக்கவில்லை.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தாடைப் பயிற்சி கேளுங்கள். தினமும் செய்ய வேண்டும், நினைத்த அன்று மட்டும் அல்ல.

மதுரை: ருசி எப்போது திரும்பும்?

சில மாதத்தில் தொடங்கும், ஒரு வருடம்கூட ஆகலாம். வாய் வறட்சி முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இரவில் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

தஞ்சாவூர்: முடிந்து ஒரு வருடம். ஒரே சோர்வு, குளிர், எடை கூடுகிறது.

தைராய்டு பாருங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய டெஸ்ட் அது.

கோவை: தக்காளி ரசமாவது?

தக்காளியும் எரியும். மேலே கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: அம்மாவுக்கு கீமோ போட்டு எட்டு நாள். இப்போது காய்ச்சல் 101. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா?

காலைவரை இருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி வாசலில் முதல் வார்த்தையாக ‘கீமோ ஓடுகிறது’ என்று சொல்லுங்கள்.