சூடேறாத எஞ்சின்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எஞ்சின் கொதித்தால் எவரும் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராவிட்டாலோ, குளிரான ஊர்தானே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதால், சிலவற்றுக்குச் சற்று விரிவாகவே பதிலளிக்கிறேன்.

நானுஓயா வாசகர்: என் கொரோலா 121 காரின் வெப்பமானி ஊசி கால் பங்குக்கு மேல் ஏறுவதில்லை. குளிர்ப் பிரதேசத்தில் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. கொழும்பில் ஓடினாலும் நானுஓயாவில் ஓடினாலும், சூடேறிய எஞ்சினில் ஓடும் நீரை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பதற்காகவே தேர்மோஸ்டட் வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் நடுவிலுள்ள சிறு குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். பல ஜப்பானிய எஞ்சின்களில் நீர் 82 பாகை செல்சியஸை நெருங்கும்போது அம்மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. நீர் ஆறியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. மூடியிருக்கும் வரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். துருவோ அழுக்கோ சிக்கி அந்த வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், நீர் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். அதே பழுதுடன் கொழும்பு நெரிசலில் ஓடும் காரில் ஊசி நடுப்பகுதி வரை வந்துவிடக்கூடும். உங்கள் ஊர்க் காற்றில் வராது. ஆகவே குளிர் இந்தப் பழுதை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளியே காட்டுகிறது.

முதலில் உறுதிப்படுத்த வேண்டியது, எஞ்சின் உண்மையிலேயே குளிராக இருக்கிறதா, ஊசி மட்டும் அப்படிச் சொல்கிறதா என்பதே. காலையில், எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது: நீர் குறைந்து, நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரைச் சுற்றிக் காற்று தங்கிவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூட ஊசி கீழேயே கிடக்கும். மட்டம் சரியாக இருந்தால், இருபது நிமிடம் ஓட்டிய பின் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று நன்றாகச் சுட்டால் எஞ்சினில் குறையில்லை. சென்சரையோ வெப்பமானியையோ சந்தேகிக்க வேண்டும். காற்று வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் ஊசி பொய் சொல்லவில்லை.

அடுத்து, கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. எஞ்சினையும் ரேடியேட்டரையும் மேலும் கீழுமாக இரண்டு ரப்பர்க் குழாய்கள் (ஹோஸ்) இணைக்கின்றன. தேர்மோஸ்டட் மேல் ஹோஸின் முனையில் இருக்கும் எஞ்சின்களில், அந்த ஹோஸ் சில நிமிடங்கள் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். உங்கள் காரில் உள்ள என்.இசட். வகை எஞ்சினில் தேர்மோஸ்டட் கீழ் ஹோஸின் முனையில் இருப்பதால், மேல் ஹோஸை நம்பி முடிவெடுக்க முடியாது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஊசி கால் பங்கில் நிற்கும்போதே அவை எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால், வால்வு மூடவில்லை என்று கொள்ளலாம். விசிறி எந்த நேரமும் திடீரென்று சுழலக்கூடும்; கையும் சட்டைக் கையும் அதனருகே போகக் கூடாது. ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் பி0128 என்ற பழுதுக் குறியீடு கிடைத்தால், அது பெரும்பாலும் இதே திசையைத்தான் காட்டும்.

எஞ்சின் குளிராகவே ஓடினால், அது இன்னும் சூடேறவில்லை என்று கருதும் கணினி கூடுதலாகப் பெற்றோலைச் செலுத்துகிறது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஒயிலில் கலக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிகிறது. ஒரு தேர்மோஸ்டட்டின் விலையை இவற்றோடு ஒப்பிட்டால் தயங்குவதற்கு எதுவுமில்லை.

ஹட்டன் வாசகர்: என் டீசல் வேன் ஏற்றத்தில் சரியான சூட்டில் இருக்கிறது. கினிகத்தேனையிலிருந்து கித்துள்கலைக்கு இறங்கும்போது ஊசி விழுந்துவிடுகிறது. ஏன்?

நீண்ட இறக்கத்தில் நீங்கள் அக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசல் செலுத்தப்படுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெப்பம் உண்டாவதில்லை, ஆனால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் நீர்ப்பம்பு நீரை வேகமாக ஓட்டிக்கொண்டே இருக்கும். வால்வு இறுக்கமாக மூடினால் அந்த நீர் ரேடியேட்டரை எட்டாது, ஆகவே ஊசி சிறிதளவே இறங்கும். ஹீட்டர் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். கீழ்க்கோடு வரை விழுகிறது என்றால், வால்வு பாதி மூடிய நிலையில் கசிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் உண்டாக்கும் வெப்பம் மிகுதியாக இருப்பதால் அந்தக் கசிவு அங்கே தெரிவதில்லை.

வேனில் விஸ்கஸ் கப்ளிங் விசிறி (பிசுபிசுப்பான திரவம் அடைத்த இணைப்பின் வழியே எஞ்சினால் சுழற்றப்படும் விசிறி) இருந்தால் அதையும் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது கையால் சுற்றினால் மெல்லிய எதிர்ப்புடன் சுழல வேண்டும். இறுகிப்போயிருந்தால் அது எந்நேரமும் முழு வேகத்தில் காற்றை இழுக்கும்.

சூட்டைக் காப்பாற்றுவதற்காக நியூட்ரலில் இறங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒருபோதும் வேண்டாம். அந்த வளைவுகளில் வேனைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை கியருடையது. அதைப் பிரேக்கின் தலையில் போட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

பண்டாரவளை வாசகர்: முன்பு கார் கொதித்தபோது கராஜில் தேர்மோஸ்டட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சூடேறவே மாட்டேன் என்கிறது. திரும்பப் போட்டால் மறுபடி கொதிக்குமா?

தேர்மோஸ்டட் மூடியபடி சிக்கியதால்தான் அன்று கொதித்தது என்றால், புதியதைப் போட்டதும் இரண்டு தொல்லைகளும் தீரும். ரேடியேட்டர் அடைப்பாலோ, பம்பாலோ, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்ததாலோ கொதித்திருந்தால், கழற்றியது அந்தக் காரணத்தை மறைத்ததே தவிர நீக்கவில்லை. மூடியை மலைநாட்டில் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு பாகை இறங்குகிறது, அந்த இழப்பை ஈடுசெய்வது மூடி தாங்கும் அழுத்தம்தான்.

இன்னொன்றும் உண்டு. பல எஞ்சின்களில் தேர்மோஸ்டட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். வால்வு திறக்கும்போது அது உட்சுற்று வழியை அடைக்கிறது. முழுவதையும் கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடப்பதால், நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். இறக்கத்தில் குளிர்ந்தும் ஏற்றத்தில் கொதித்தும் தொல்லை தரும் கார்களில் இதை அவசியம் பாருங்கள். புதியதைப் பொருத்தும்போது மெழுகுக் குப்பி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும், காற்றை வெளியேற விடும் சிறு ஊசி அதில் இருந்தால் அது மேற்பக்கம் வர வேண்டும், தகட்டில் பொறித்துள்ள வெப்பநிலை உங்கள் எஞ்சினுக்குரியதாக இருக்க வேண்டும்.

நுவரெலியா வாசகர்: தேர்மோஸ்டட்டைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். முழுதாகத் திறக்கவில்லை. பழுதா?

இந்தச் சோதனையால் மட்டும் அப்படி முடிவு செய்ய முடியாது. உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடேறாது. பல தேர்மோஸ்டட்டுகள் முழுதாகத் திறக்க 95 பாகையோ அதற்கு மேலோ வேண்டும். பார்க்க வேண்டியது, அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. ஆறிய வால்வைச் சற்று விரித்து ஒரு நூலை இடையில் கடிக்கவிட்டு, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வெப்பமானி இருக்கட்டும். நூல் விடுபட்டு வால்வு விழும் கணத்தில் வெப்பமானி காட்டுவதே விடை.

ஆனால் உங்கள் குறை எஞ்சின் சூடேறாமை என்பதால், அடுப்பு மூட்டும் முன்பே ஒன்று செய்திருக்கலாம். ஆறிய வால்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பிறை வடிவில் ஒளிக்கீற்று தெரிந்தால், அது மூடவில்லை.

வெலிமடை வாசகர்: சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்குகிறது.

யாரேனும் விசிறிக்கு நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது நீர் வெப்பச் சென்சரின் இணைப்பு அறுந்திருக்கலாம். சென்சரின் செய்தி கிடைக்காதபோது பாதுகாப்புக்காக விசிறியை ஓடவிடும் கார்கள் பல. சென்சரைக் கழற்றி மல்டிமீற்றரால் அளந்தால், டொயோட்டா வகைகளில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்ட வேண்டும்.

அப்புத்தளை வாசகர்: என் அக்வா ஹைப்ரிட் காரின் எஞ்சின் காலையில் நின்றாலும் அணைவதில்லை.

ஹீட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஹீட்டர் சூடு கேட்கும் வரை எஞ்சின் ஓடத்தான் செய்யும். அணைத்த பின்பும், இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் அணையவில்லை என்றால் தேர்மோஸ்டட்டைச் சோதிக்க வேண்டும்.

மஸ்கெலியா வாசகர்: ஒயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவு இருக்கிறது. தினமும் பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர்தான் ஓட்டுகிறேன்.

குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் ஆவியாக்கி வெளியேற்ற முடியாத ஈரம் ஒயிலோடு கலந்து அப்படிப் படிகிறது. மூடியைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஒயிலைக் கிலோமீற்றர் கணக்கில் பார்க்காமல் மாதக் கணக்கில் மாற்றுங்கள். அதன் பிறகும் படிவு திரும்பி வந்தால் தேர்மோஸ்டட்டைப் பாருங்கள். ஒயில் அளவுக்கோலிலும் அதே வெண்மை தெரிந்து, ரேடியேட்டர் நீர் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால், அது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேற்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதாக இருக்கக்கூடும்; காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள்.