இடது காலின் வேலை

அன்புள்ள அண்ணன்,

நான் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பிள்ளை. தோஹாவில் வேலை. நெடுநாள் ஆசைக்குப் பிறகு பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ ஒன்று வாங்கினேன். 2.5 லீட்டர் டர்போ, மெனுவல், ஆறு கியர். கத்தார் ரேசிங் கிளப்பின் ஓடுதளத்தில் கால் மைல் ஓடிப் பார்த்தேன், 14.6 செக்கன் வந்தது. இதே கார் 13.5 ஓடும் என்கிறார்கள். புறப்படும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. ஒருமுறை எஞ்சினுக்கு மூச்சடைக்கிறது, அடுத்தமுறை கிளச் எரிந்து மணக்கிறது. எத்தனை ஆர்பிஎம்மில் கிளச்சை விடவேண்டும்? லாஞ்ச் கன்ட்ரோல் போடவா? செரமிக் கிளச் மாற்றவா? இன்டர்கூலரில் ஐஸ் வைப்பதில் பலன் உண்டா? போன மாதம் லீவில் வந்தபோது நண்பனின் காரை எடுத்துக்கொண்டு இரவில் கல்லடிப் புதுப் பாலத்தில் பழகிப் பார்த்தேன், சரிவரவில்லை. நீங்கள் வளைகுடாவில் இருந்த காலத்தில் இப்படி ஓடியதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். ஓட்டம் முடிந்ததும் தந்த டைம் ஸ்லிப்பையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

க., தோஹா

அன்புள்ள தம்பி,

கதை, கவிதை பற்றி வரும் கடிதங்களுக்குக்கூட நான் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதியதில்லை. காரணம் என் தங்கை மகள். லேர்னர்ஸ் போகத் தொடங்கியிருக்கிறாள். ஓட்டோமெட்டிக் கார்தான் பழகுவேன் என்கிறாள். "கிளச்செல்லாம் இனி யாருக்கு மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் காருக்கு வருவோம்.

கல்லடிப் பாலத்தில் பழகினேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! அந்தப் பாலத்தில் இரவிலும் ஆட்கள் நடக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்று வாங்க வந்த தகப்பன் இருப்பான், லைட் இல்லாத சைக்கிளில் வலையோடு போகிற கிழவர் இருப்பார். பக்கத்தில் 1924இல் திறந்த பழைய பாலத்தில் மீன் பாடுவதைக் கேட்க வந்தவர்கள், உங்கள் சைலன்சரைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கிழக்கில் இதற்கென்று ஓர் இடம் இல்லை, ரேஸ் பார்க்கக் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை விமான ஓடுபாதை வரை போகவேண்டியிருக்கிறது என்பீர்கள். அதை இங்கே வேலை செய்கிறவன் சொல்லட்டும், கேட்கிறேன். ஓடுதளம் இருக்கிற ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவில் வந்து நம் சனத்தின் நடுவில் பழகுவீர்களா? சரி, பழகியதால் என்ன கிடைத்தது? ஓடுதளத்தில் புறப்படும் இடத்துக்கு ஒட்டுகிற திரவம் தெளித்திருப்பார்கள், ஓடிய கார்களின் ரப்பர் அதில் படிந்து செருப்பையே பிடித்திழுக்கும். பாலத்தின் தார் அப்படியா? கார் வேறு, கிளச் வேறு, தரையும் வேறு. அங்கே உங்கள் கால் படித்தது ஒன்றுமில்லை.

இனிக் கார்.

ஸ்லிப்பைப் பார்த்தேன். முடிவில் மணிக்கு 99 மைல் வேகம். முதல் 60 அடிக்கு 2.4 செக்கன். இந்த இரண்டு எண்ணும் போதும். முடிவு வேகம் எஞ்சினின் பலத்தைச் சொல்லும். உங்கள் எஞ்சினில் குறையில்லை. 60 அடி, அதாவது 18 மீற்றர், ஓட்டுகிறவரைச் சொல்லும். அதை 1.9க்குக் கொண்டுவந்தால் வேறு எதையும் தொடாமலே 13.8 பக்கம் போய்விடுவீர்கள். அந்த 60 அடியில் மிச்சம் பிடிக்கிற நேரம் கால் மைலின் முடிவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். ரியாக்‌ஷன் நேரத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறீர்கள். அதை விடுங்கள். முன் சில்லு புறப்படும் கோட்டிலுள்ள ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரம் எண்ணப்படுகிறது. பச்சை எரிந்த பின் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் புறப்பட்டாலும் உங்கள் 14.6 அதே 14.6தான். பக்கத்து லேனில் நிற்பவனோடு பந்தயம் என்றால் வேறு கதை. பழகுகிற நாளில் பச்சையைக் கண்டு பாய்கிறவனின் இடது கால் நடுங்கும்.

டர்போ கார் அந்த இடத்தில் ஏன் படுத்துகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. எஞ்சின் வெளியே தள்ளும் புகைதான் டர்போவின் டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன் சுற்றினால்தான் உள்ளே காற்று திணிக்கப்படும். அடுப்பில் தணல் இருந்தால்தானே ஊதுகுழலுக்கு வேலை? இங்கே ஊதுவதற்கான மூச்சையும் அந்தத் தணலே தரவேண்டும். கிளச்சை மிதித்துக்கொண்டு 4000 ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு, ஏற்றி வைத்தால் பூஸ்ட், அதாவது திணித்த காற்றின் அழுத்தம், வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். வராது. சும்மா சுற்றும் எஞ்சினுக்குச் சுமை இல்லை. 4000இல் நிற்க அதற்குச் சொற்பக் காற்றும் சொற்பப் பெற்றோலும் போதும், அதனால் புகையும் சொற்பம். பூஸ்ட் மீற்றரைப் பாருங்கள், முள் எழும்பவே எழும்பாது. சுமை வருவது, எஞ்சினைச் சில்லோடு இணைக்கிற கிளச் பிடிக்கத் தொடங்கும்போது. கிளச் வழுக்குகிற அந்த ஒரு செக்கன், ஒன்றரைச் செக்கனில்தான் ஆர்பிஎம் விழாமல் எஞ்சின் சுமையைத் தூக்குகிறது, டர்போ விழிக்கிறது. காலை ஒரேயடியாக எடுத்தால் நான்கு சில்லும் தரையைப் பிடித்துக்கொள்ளும், ஆர்பிஎம் முள் சரசரவென்று கீழே விழும், டர்போ அணைந்துவிடும். மூச்சடைக்கிறது என்று எழுதினீர்களே, அது இதுதான். அதற்குப் பயந்து 6000இல் வைத்துக் காலை எடுத்தால்? இரண்டு சில்லில் இழுக்கும் கார் என்றால் சில்லு சுழன்று புகை வரும், அதோடு முடிந்தது. உங்களுடைய காரில் நான்கு சில்லும் இழுக்கிறது. சில்லு சுழல மறுத்தால் அந்த அடி முழுவதும் கிளச்சிலோ கியர்பொக்ஸிலோ டிஃப்ரன்ஷியலிலோ போய் இறங்கும்.

எத்தனை ஆர்பிஎம் என்று கேட்டிருந்தீர்கள். சரி, 4000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்? யூடியூப்பில் ஒருவன் 4500 என்பான், இன்னொருவன் 5500 என்பான். இரண்டு பேரும் ஸ்டியரிங்கையும் மீற்றரையும் காட்டுகிறார்கள். இடது காலைக் காட்டுகிற வீடியோ ஒன்று அனுப்புங்கள் பார்ப்போம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே குருமண்வெளித் துறை. மண்டூருக்குப் பாதையில் போயிருப்பீர்கள். (வெளியூர் வாசகர்களுக்காக: வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றும் தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம்.) என் மாமா மொறிஸ் மைனர் ஒன்றில் ஹயர் ஓடியவர். ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழா வந்தால் அவருக்கு உறக்கம் கிடையாது. எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) சனத்தை ஏற்றிக்கொண்டு துறைக்கு வருவார், சனத்தை இறக்கிவிட்டுத் தனியாகக் காரைப் பாதையில் ஏற்றுவார். ஏறுபலகை எப்போதும் நனைந்திருக்கும். சில்லு அதில் சுழன்றால் பலகை பின்னால் வழுக்கும். கார் ஒரு உதறு உதறினால் பாதை கரையை விட்டு விலகும், முன் சில்லு தண்ணீருக்கு மேலே நிற்கும். மாமா கீழே எட்டிப் பார்க்கமாட்டார். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணிகிற இடத்தைக் காதால் பிடிப்பார், காலை அங்கேயே நிறுத்துவார். கார் ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே நிற்கும்.

எனக்குப் பழக்கியதும் அவர்தான். எக்சிலேட்டரைத் தொடவே விடமாட்டார். முற்றத்து மணலில் கிளச்சை மட்டும் வைத்துக்கொண்டு காரை ஒரு முழம் நகர்த்து, நிறுத்து, இன்னொரு முழம் நகர்த்து. அதுதான் பாடம். நான் எரிச்சல்பட்டுக் காலை எடுப்பேன், கார் துள்ளி நின்றுபோகும். "என்ன அவதி மனே? அது புடிக்கிற இடத்தில காலை வெச்சிரு. மறுகா தானா ஏறும்," என்பார். தோஹாவில் நண்பர் ஒருவர் தன் டர்போ காரைத் தந்து ஓடச் சொன்னபோது எனக்குத் துணைக்கு வந்தது அந்த முற்றத்துப் பாடம்தான்.

கார் ஓட்டுகிற வீரமெல்லாம் வலது காலில் இருக்கிறது என்று நம்புகிற ஊர் நம்முடையது. "காலை அமத்தினான்" என்று சொன்னால் வலது காலைத்தான் நினைப்போம். வலது காலுக்கு என்ன தெரியும்? கூட்டத் தெரியும், குறைக்கத் தெரியும். எவ்வளவு பலத்தைத் தரையிடம் கொடுக்கலாம், தரை எவ்வளவு வாங்கும் என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்ப்பது இடது கால். முந்நூறு குதிரைவலு காரிலும் அதுதான், மாமாவின் மொறிஸிலும் அதுதான். தங்கை மகளிடம் நாளை இதைச் சொல்லப்போகிறேன். சிரிப்பாள். சிரிக்கட்டும்.

ஆகவே செய்யவேண்டியது இது. உங்கள் காரில், உங்கள் பார்க்கிங்கில், சமதரையில், எக்சிலேட்டரைத் தொடாமல் கிளச் பிடிக்கிற இடத்தைத் தேடுங்கள். கால் கேட்காமலே அந்த இடத்துக்குப் போகும்வரை தேடுங்கள். அப்புறம் 1500இல் முள்ளை அசையாமல் வைத்துக்கொண்டு காரை மெல்ல நகர்த்துங்கள். இடது கால் எழ எழ வலது கால் இறங்கவேண்டும், முள் ஆடக்கூடாது. இது கைவந்த பிறகு ஓடுதளத்துக்குப் போய் 3500இல் தொடங்கி, ஸ்லிப்பில் 60 அடி வரியை மட்டும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முள் விழுந்தால் காலை இன்னும் மெல்ல எடுங்கள், அல்லது ஆர்பிஎம்மைக் கூட்டுங்கள். மணம் வந்தால் அதிகநேரம் வழுக்கவிட்டீர்கள் என்று பொருள்.

ஐஸ்: டர்போ திணிக்கும் காற்றைக் குளிரவைப்பதுதான் இன்டர்கூலர். அதில் ஐஸ் வையுங்கள், வைக்காமல் விடுங்கள். கோடைச் சூட்டில் ஓடாமல் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஓடினால் அதைவிட அதிகம் கிடைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது.

லாஞ்ச் கன்ட்ரோல் என்பது நீங்கள் கிளச்சை மிதித்திருக்கும்போது குறித்த ஆர்பிஎம்மில் தீப்பொறியை வெட்டி வெட்டி, எரியாததை எக்ஸோஸ்ட் பக்கம் போய் எரியவிட்டு, டர்போவை முன்கூட்டியே சுற்றவைக்கிற வித்தை. படபடவென்று வெடிக்கும், கூட்டம் திரும்பிப் பார்க்கும். டர்பைனும் வால்வும் அந்தச் சூட்டைத் தாங்கவேண்டும். அது இருந்தாலும் கிளச்சை விடுகிற கால் உங்களுடையதுதான். இப்போது வேண்டாம்.

செரமிக் கிளச் அறவே வேண்டாம். அது பிடித்தால் பிடித்ததுதான், நடுவில் நின்று பேசாது. பழகாத காலுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. கம்பனி கிளச்சிலேயே ஓடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஆறவிடுங்கள், வரிசையில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அது தேய்ந்து முடிவதற்குள் கால் பழகாவிட்டால் எழுதுங்கள், அப்போது வேறு கிளச்சைப் பற்றிப் பேசலாம்.