காப்பை அடகு வைத்துப் பயணப் பணத்தை முழுதாகக் கட்டலாமா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. மாமியின் நீண்டநாள் நேர்த்திக்கடனை நிறைவேற்ற இராமேஸ்வரம் போக வேண்டும். கணவர், மகள், மாமி, நான் என நால்வர் வரும் ஆகஸ்ட் விடுமுறையில் 10 நாள் தமிழ்நாட்டு யாத்திரை செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். சென்னையில் இறங்கிக் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், மதுரை, இராமேஸ்வரம் என்று வான் வண்டியில் சுற்றி வருவதற்கு ஒரு பயண முகவர் ஆளுக்கு 185,000 ரூபா கேட்கிறார். மூன்று மாதத்துக்கு முன்பே, அதாவது இந்த மாதமே, முழுப் பணத்தையும் கட்டினால் 5 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார். எங்களிடம் 450,000 ரூபா சேமிப்பு உண்டு. மாதம் 25,000 ரூபா மிச்சம் பிடிக்க முடியும். மீதிக்கு என் காப்புகளை வங்கியில் அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றார்கள். மாமிக்கு 71 வயது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார். முகவர் தேவைதானா, எதை எடுத்துச் செல்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் தொகைகளை ஒளிக்காமல் எழுதியது எனக்குப் பெரிய உதவி. முதலில் கணக்கைப் பார்ப்போம். நால்வருக்கு 740,000 ரூபா. கழிவு 37,000 ரூபா. ஆகவே கட்ட வேண்டியது 703,000 ரூபா. சேமிப்பு முழுவதையும் கொடுத்த பின் அடகில் எடுக்க வேண்டியது 253,000 ரூபா. மாதம் 25,000 வீதம் சேர்த்து, முதலையும் வட்டியையும் ஒன்றாகக் கட்டிக் காப்பை மீட்க உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கான வட்டி 37,950 ரூபா. முகவர் தரும் கழிவைவிட இது 950 ரூபா அதிகம். மாதாமாதம் பகுதி பகுதியாகக் கட்டினால் வட்டி ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலம் முழுவதும் உங்கள் சேமிப்புப் புத்தகத்தில் ஒரு சதமும் இராது. வீட்டில் இன்சுலின் போடும் ஒரு முதியவர் இருக்கும்போது அந்த நிலையை நான் ஏற்க மாட்டேன். இன்னொன்று: கட்டுநாயக்க விமான நிலையம் வரை போய்வரும் வான் செலவும், இந்தியாவில் கைச்செலவும், கோயில் காணிக்கையும், மகள் ஆசைப்பட்டு வாங்கப்போகும் துணியும் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவற்றுக்கும் பணம் வேண்டும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பது. டிக்கெட்டோ ஹோட்டல் பதிவோ கையில் இல்லாத நிலையில் கொடுக்கும் பணம், பெயர் எதுவாக இருந்தாலும், முகவருக்கு நீங்கள் வட்டியும் பிணையும் இன்றிக் கொடுக்கும் கடன்தான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பமே இப்படி ஒரு முகவரிடம் முழுத் தொகையைக் கட்டியது. கிடைத்த பற்றுச்சீட்டு, காபன் தாள் வைத்து எழுதிய பில் புத்தகத்தின் நீல நிறப் பிரதி. அதில் தொகையும், கீழே ‘இந்தியா டூர்’ என்ற இரண்டு சொற்களும் மட்டுமே இருந்தன. பயணத் திகதி இல்லை, எத்தனை பேர் என்று இல்லை, ஹோட்டலின் பெயர் இல்லை. புறப்படுவதற்கு எட்டு நாள் இருக்கையில் திகதி மாறியது. மறுத்துப் பேச எங்கள் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதையும் கவனியுங்கள்: நாட்டை விட்டு வெளியே செல்ல வெளிநாட்டு விடுமுறைக்கான அனுமதியை நீங்கள் முன்கூட்டியே பெற வேண்டும். அந்த அனுமதி கைக்கு வருவதற்கு முன் திரும்பப் பெற முடியாத எந்தத் தொகையையும் கட்ட வேண்டாம்.

அப்படியானால் முகவரே வேண்டாமா? உங்கள் விடயத்தில் வேண்டும் என்றே சொல்வேன். இளைஞர் இருவர் போவதென்றால் விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் தாங்களே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். முதியவரோடு, வானில், ஊர் ஊராகப் போகும்போது விமானம் தாமதமானாலும் ஓட்டுநர் வராவிட்டாலும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஒருவர் இருப்பதற்கு ஒரு பெறுமதி உண்டு. அந்தப் பெறுமதி எவ்வளவு என்று தெரிந்து கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். 185,000 ரூபாவை ஒரே தொகையாக ஏற்காமல் விமான டிக்கெட், விசா, தங்குமிடம், வான், உணவு, சேவைக் கட்டணம் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். டிக்கெட் விலையை விமான நிறுவனத்தின் தளத்தில் அதே நாளுக்கு நீங்களே பாருங்கள். இலங்கையருக்கு இந்தியாவின் மின்விசா உண்டு. இந்திய அரசின் உத்தியோகபூர்வ தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதால் நால்வரின் கடவுச்சீட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். வான் கட்டணத்தில் ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், தரிப்பிடக் கட்டணம் அடங்குமா என்று கட்டாயம் கேளுங்கள். பிணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன.

முகவர் தந்த பயண நிரலையும் ஒரு கணக்குச் சீட்டைப் போலவே வாசியுங்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்திப் பிற்பகல் நான்கு மணியளவில்தான் திறக்கும். பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் இரண்டு கோயில்களை எழுதியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வானுக்குள் வெயிலில் காத்திருக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

என் பரிந்துரை இது. அடகு வைக்காமல் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பொறுத்தால், பதினைந்து மாதத்தில் 375,000 ரூபா சேர்ந்து உங்கள் கையில் 825,000 ரூபா இருக்கும். காப்பை மீட்க எடுக்கும் காலத்தைவிட மூன்று மாதமே கூடுதலாகப் பொறுத்துக் கடனே இல்லாமல் போய்வரலாம். ஆனால் 71 வயதில் ஓராண்டு என்பது சிறிய காலம் அல்ல என்பதையும் நான் அறிவேன். நேர்த்தி இராமேஸ்வரத்தில் இருப்பதால் இந்த ஆண்டே போவதென்றால் நாட்களைக் குறையுங்கள். கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். சென்னையில் இறங்கினால் மதுரை வரவே 450 கிலோமீற்றருக்கு மேல் வீதியில் செல்ல வேண்டும். மதுரை, இராமேஸ்வரம் மட்டும் ஐந்து அல்லது ஆறு நாள் என்று புதிய விலை கேளுங்கள். ஆகஸ்ட் வரைக்கும் உங்களிடம் 525,000 ரூபா சேரும். அதில் ஒரு இலட்சத்தை மருத்துவ அவசரத்துக்கென்று தொடாமல் ஒதுக்கி, மீதியான 425,000 ரூபாவுக்குள் கைச்செலவு உட்பட அனைத்தும் அடங்கினால் இந்த ஆண்டே போங்கள். அடங்காவிட்டால் அடுத்த ஆண்டு. பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள்: விடுமுறை அனுமதி கிடைத்ததும் டிக்கெட்டுக்கு உரியது மட்டும், ஹோட்டல் பதிவின் பிரதியைப் பார்த்த பின் இன்னொரு பங்கு, மிகுதி புறப்படும் வாரத்தில். டிக்கெட் பதிவு எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நால்வரின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வங்கி அட்டையில் அல்லது முகவரின் நிறுவனக் கணக்குக்குச் செலுத்துங்கள். கையில் காசாகக் கொடுக்க வேண்டாம்.

பொதி கட்டுவதும் பண விடயமே. டிக்கெட்டில் அனுமதித்த நிறைக்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் விமான நிலையக் கருமபீடத்தில் கேட்கும் கட்டணம், முன்கூட்டியே வாங்கும் கூடுதல் நிறையின் விலையைவிட வழக்கமாக அதிகம். ஆகவே தொங்கு தராசு ஒன்றில் பைகளை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பையும் அனுமதித்த நிறைக்கு ஐந்து கிலோ குறைவாகப் புறப்படட்டும். திரும்பும்போது பித்தளை விளக்கும் சேலையும் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆறு நாளுக்கு ஆளுக்கு நான்கு மாற்றுடுப்பு போதும். இரவில் துவைத்தால் மெல்லிய பருத்தி காலையில் காய்ந்துவிடும்.

இராமேஸ்வரத்துக்கென்று ஒரு தனிச் சிறு பை வையுங்கள். இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடிய பின் ஈர உடையோடு மூலவரைத் தரிசிக்க விடமாட்டார்கள். நால்வருக்கும் ஒவ்வொரு மாற்றுடுப்பு, ஒரு துவாய், ஈர உடுப்பைப் போட ஒரு தடித்த பொலித்தீன் பை அதில் இருக்கட்டும். கைத்தொலைபேசிகளை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கொண்டு போக முடியாது என்பதால் அவற்றைக் காப்பிடத்தில் ஒப்படைக்கச் சில்லறை தேவைப்படும்.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்க வேண்டாம்; பெட்டி தவறினால் மருந்தும் தவறும், அங்கே குளிரில் உறையவும் கூடும். கைப்பையில், வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு, பயண நாட்களின் தேவையைப் போல இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசிக்கான பவர் பேங்கும் கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

விமானத்தில் கொண்டு போகக் கூடாது என்பதை யாத்திரை போகிறவர்கள் வழக்கமாக மறந்துவிடும் இரண்டு பொருட்கள் உண்டு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும். காய்ந்த தேங்காயான கொப்பரையும் எண்ணெய்ச் செறிவால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. இரண்டும் விமானப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருட்களாகவே கணிக்கப்படுகின்றன. ஆகவே மாமி கோணேசர் கோயிலில் பூசித்து எடுத்துவரும் அர்ச்சனைத் தட்டிலிருந்து விபூதியையும் குங்குமத்தையும் மட்டும் பையில் வையுங்கள். கற்பூரத்தை இராமேஸ்வரத்தில் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது பிரசாதத் தேங்காயை அங்கேயே உறவினருக்கோ ஓட்டுநருக்கோ கொடுத்துவிட்டு வாருங்கள்.