சும்மாவா?

கேள்வி: ஜப்பான் கால்பந்து கோல்கீப்பர் யோஷிகட்சு கவாகுச்சி நான்கு உலகக் கோப்பைகளுக்குப் போனவர் என்று போன இதழில் புகழ்ந்திருந்தீர்கள். அதில் இரண்டில் (2002, 2010) சும்மா உட்கார்ந்துவிட்டுத்தானே வந்தார்?

பதில்: மற்றதை விடுங்கள், அந்தச் 'சும்மா'வைப் பிடித்துக்கொள்கிறேன். காசில்லாமல் கொடுத்தால் சும்மா. காரணமில்லாமல் வந்தால் சும்மா. வேலைவெட்டி இல்லாவிட்டாலும் சும்மா. இதில் எந்தச் சும்மாவை ஒரு கோல்கீப்பர் தலையில் கட்டுகிறீர்கள்?

1996 அட்லாண்டா ஒலிம்பிக். மயாமியில் பிரேசிலோடு ஆட்டம். எதிரே பெபெட்டோ, ரொனால்டோ, ராபர்ட்டோ கார்லோஸ் என்று நட்சத்திர வீரர்கள். பிரேசில் 28 முறை கோலை நோக்கி உதைத்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. ஜப்பான் 1-0. கவாகுச்சிக்கு அப்போது 20 வயது. உயரம் 180 சென்டிமீட்டர்தான், அந்த வேலைக்குக் குறைவு. ஆட்ட விவரத்தில் என்ன போடுவோம்? 'இட்டோ, 72ஆவது நிமிடம்.' கோல் போட்டவனுக்கு வரி உண்டு, தடுத்தவனுக்குக் கிடையாது. விளையாட்டுப் பக்கம் பார்க்கும் நண்பர்களோடு வருஷக்கணக்காக நான் போடும் சண்டை இது. இன்னும் விடவில்லை.

2004 ஆசியக் கோப்பைக் கால் இறுதி, சீனாவின் சோங்சிங் நகரம். ஜோர்டானோடு ஆட்டம் சமனில் முடிந்து, ஆளுக்கு ஐந்து உதை, அதிலும் சமனென்றால் ஒவ்வொன்றாகத் தொடரும் பெனால்டிக்குப் போனது. ஜப்பான் கோலில் கவாகுச்சி. ஜப்பானின் முதல் இரண்டு பேருக்கும் ஊன்றிய கால் வழுக்கி, பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. கேப்டன் மியாமோட்டோ நடுவரிடம் போய்ப் பேசி, உதைக்கும் பக்கத்தையே மாற்ற வைத்தார். ஜோர்டான் முதல் மூன்றையும் போட்டுவிட்டது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது: எது உள்ளே போனாலும் ஜப்பான் மூட்டை கட்டவேண்டியதுதான். ஒன்றும் போகவில்லை, ஏழாவதும் போகவில்லை. ஜப்பான் 4-3 என்று தப்பி, கோப்பையையும் வென்றது.

இனி உங்கள் 2010. தென்னாப்பிரிக்காவில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, உண்மை. முந்தைய வருஷம்தான் வலது கால் எலும்பு முறிந்திருந்தது. வயது 34. அப்படிப்பட்டவரைப் பயிற்சியாளர் ஒகாடா மூன்றாவது கோல்கீப்பராகச் சேர்த்து, குழுவின் தலைவராகவும் ஆக்கினார். ஏன் என்று யோசித்தீர்களா? முதல் கோல்கீப்பராக இருந்த நராசாக்கி, போட்டி தொடங்கும் நேரத்தில் இடத்தை கவாஷிமாவிடம் பறிகொடுத்தார். பறிகொடுத்தவரும் பிடித்தவரும் தினம் காலையில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தாக வேண்டும். நடுவே கவாகுச்சி. 2002இல், சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில், கோலில் நின்றவர் அதே நராசாக்கி; பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் இவர்.