எட்டு வயசுப் பையனுக்கு ஜூடோ டிரெஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, மூத்தவனுக்கு எட்டு வயசு, உயரம் 124 சென்டிமீட்டர், ஒல்லி உடம்பு. பாளையங்கோட்டையில் ஜூடோ கிளாஸ்ல சேர்த்திருக்கோம். மாஸ்டர் டிரெஸ் வாங்கச் சொல்லிட்டார். ஒரு கடையில கராத்தே டிரெஸ்ஸே போதும், 600 ரூபாய்ன்னாங்க. இன்னொரு கடையில ஜூடோ டிரெஸ்ஸுன்னே 1,400 சொன்னாங்க. ஆன்லைன்ல பார்த்தா நாலாயிரம், அஞ்சாயிரம்னு போகுது. எங்களால 1,500 வரைக்கும்தான் முடியும். சின்னவளுக்கு ஆறு வயசு, அவளும் அடுத்த வருஷம் சேரணும்னு நிக்கா. எதை வாங்க? எங்க ஊர் டெய்லர்கிட்டயே தச்சுக்கிட்டா என்ன?"

உங்கள் 1,500 ரூபாய்க்குள்ளேயே ஒழுங்கான ஜூடோ டிரெஸ் வாங்கலாம், தங்கச்சி. அந்த 600 ரூபாய் கராத்தே டிரெஸ்ஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்க இரண்டும் வெள்ளைதான், பெல்ட்டும் ஒன்று போலத்தான் இருக்கும், கடைக்காரரும் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஆனால் கராத்தேயில் குத்தும் உதையும்தான் பிரதானம், ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் பிடித்துத் தொங்குவது கிடையாது, அதனால் அதை மெல்லிசாக, காற்றோட்டமாகத் தைக்கிறார்கள். ஜூடோவில் எதிரில் நிற்கிற பையன் ஒரு கையால் காலரையும் இன்னொரு கையால் முழங்கைப் பக்கத்துச் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டு தன் உடம்புப் பாரம் மொத்தத்தையும் போட்டு இழுப்பான், ஒரு வகுப்பில் எத்தனையோ தடவை இழுப்பான். மெல்லிய துணி அதற்குத் தாங்காது, சீக்கிரமே அக்குளில் விட்டுவிடும்.

கிழிந்தால் தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பிரச்சினை காசு மட்டும் இல்லை. ஜூடோவில் ஒருத்தனைத் தூக்கிப் போடும்போது, போடுகிறவன் விழுகிறவனுடைய சட்டைக் கையை விடாமல் பிடித்திருப்பான். தலை தரையில் அடிக்காமல், முதுகும் பக்கவாட்டும் பாயில் பட விழ அந்தப் பிடிதான் துணை. பாதி வீச்சில் துணி கிழிந்து பிடி நழுவினால் பிள்ளை எப்படி விழும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

அதற்காக நாலாயிரம் ரூபாய் டிரெஸ் பக்கம் போகவும் வேண்டாம். அந்த விலையில் பெரும்பாலும் துணியின் கனத்துக்கும் பேருக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள். ஜூடோ துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று பையிலோ லேபிளிலோ போட்டிருப்பார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. சர்வதேசப் போட்டிகளில் பெரியவர்கள் போடுவது 650, 750 கிராம் ரகம். எட்டு வயசுப் பிள்ளைக்கு 350-லிருந்து 450 வரை தாராளம். இதற்கு மேலே போனால் நல்லது என்று நினைக்க வேண்டாம், கெடுதல்தான். சித்திரை வெயிலில் தகரக் கூரை ஹாலுக்குள் அந்தக் கனத்தைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் புரண்டால் பையன் சோர்ந்துவிடுவான், வேர்வையில் நனைந்த பிறகு அது இன்னும் கனக்கும். கூடவே துணி தடிப்பாக இருந்தால் சின்ன விரல்களுக்குப் பிடிக்கவும் வராது, அவனோடு பழகுகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கஷ்டம். சிங்கிள் வீவ், அதாவது ஒற்றை நெசவு, என்று கேட்டு வாங்குங்கள். டபுள் வீவ் என்கிற கனமான இரட்டை நெசவெல்லாம் அவன் மாவட்டம் தாண்டிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் ஜிஎஸ்எம் போடாத எதையும் வாங்காதீர்கள். 200, 240 என்று போட்டிருந்தால் பேரில் ஜூடோ இருந்தாலும் அது கராத்தேத் துணிதான். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஜூடோச் சட்டையின் மேல்பாகம் அரிசி அரிசியாகப் புடைத்த நெசவாக இருக்கும், வழவழவென்று இருந்தால் தள்ளிவிடுங்கள்.

சரி, கடையில் கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது? சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். முதலில் அக்குள். அங்கே தனியாக ஒரு துண்டுத் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் ஓடி, நூல் முடிச்சுப் போடாமல் தொங்கினால் அது நாள் தாங்காது. இரண்டு கையாலும் அந்தத் தையலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து நன்றாக இழுங்கள், தையல் வாய் திறந்து நடுவில் நூல் ஏணிப்படி மாதிரித் தெரிந்தால் அடுத்த டிரெஸ்ஸை எடுங்கள். அப்புறம் தோள்பட்டை, அங்கே உள்ளே இன்னொரு அடுக்குத் துணி இருக்க வேண்டும். காலரில் நீளவாக்கில் நெருக்கமாக நாலைந்து வரிசைத் தையல் ஓடியிருக்க வேண்டும், விரலால் உருட்டிப் பார்த்தால் உள்ளே துணி அடுக்கு ஒரே சீராக இருப்பது தெரியும். உள்ளே வைத்தது ஒரு பக்கம் திரண்டு ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் இரண்டு துவைப்பில் அது சுருண்டு கழுத்தை அறுக்கும். பேண்டில் முட்டிக்கு இரட்டைத் துணி இருக்கிறதா, இடுப்புக்கு நாடா இருக்கிறதா, அவ்வளவுதான். ஜிப், பட்டன், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது, விரல் மாட்டும், உடம்பைக் கீறும். வெள்ளை பெல்ட் பெரும்பாலும் செட்டோடு வந்துவிடும். இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு இரண்டு பக்கமும் ஒரு சாண், ஒன்றேகால் சாண் தொங்கினால் போதும்.

அளவில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 124 சென்டிமீட்டர் பையனுக்கு 130 நம்பர் இன்றைக்குச் சரியாக இருக்கும், வாங்காதீர்கள். பருத்தித் துணி முதல் சில துவைப்பில் நூற்றுக்கு அஞ்சு பங்கு போலச் சுருங்கும், 80 சென்டிமீட்டர் நீளப் பேண்டில் நாலு சென்டிமீட்டர் போய்விடும், இந்த வயசில் பிள்ளை வருஷத்துக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் வளரவும் செய்வான். 140 வாங்குங்கள். "எப்படியும் வளரத்தானே போறான்" என்று பள்ளிச் சட்டை மாதிரி 150-க்குப் போகவும் வேண்டாம். பேண்ட் பாதத்துக்குக் கீழே போனால் கால் விரல் அதில் சிக்கிக்கொள்ளும், விரல் பிசகுவதும் தடுக்கி விழுவதும் இப்படித்தான். சில கம்பெனிகள் சென்டிமீட்டர் போடாமல் 00, 0, 1 என்று போடும். பலவற்றில் 1 என்றால் 140, ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை, அளவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

140 வாங்கினால் முதல் ஆறு மாதம் கை நீளமாக இருக்கும். கையை வெளிப்பக்கமாகச் சுருட்டிவிடக் கூடாது, மற்ற பிள்ளைகள் பிடிக்கும்போது விரல் அந்த மடிப்புக்குள் மாட்டித் திருகிவிடும். உள்பக்கமாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள், வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். போட்டிக்குப் போனால் சட்டைக் கை மணிக்கட்டு வரைக்கும் பேண்ட் கணுக்கால் வரைக்கும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், குட்டையாக இருந்தால் எதிராளிக்குப் பிடி கிடைக்காது என்பதால் விடமாட்டார்கள். ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய காலத்தில் சட்டைக் கையும் பேண்டும் குட்டையாகத்தான் இருந்தன, 1907 வாக்கில்தான் இப்போதைய நீளத்துக்கு வந்தன.

டெய்லரிடம் தைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டைக்கு வேண்டாம். அந்த நெசவுத் துணி நம் பக்கத்து ஜவுளிக்கடைகளில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் காலரின் அத்தனை அடுக்கை வீட்டுத் தையல் மெஷின் ஊசி தாங்காது. ஆனால் பேண்ட் தாராளமாகத் தைக்கலாம். டவுனில் வெள்ளைப் பருத்தி ட்ரில் துணி எடுத்து, முன்னதாக ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, முட்டிக்கு இரட்டைத் துணி வைத்து, தொடைப் பக்கம் நன்றாக அகலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சட்டையைவிடப் பேண்ட்தான் முட்டியில் சீக்கிரம் தேயும், அப்போது முழு செட் வாங்காமல் இப்படி ஒன்று தைத்துக்கொண்டால் சட்டை இன்னும் ஒரு வருஷம் ஓடும். சட்டையில் அக்குளோ காலரோ விட்டுப்போனால் வண்டி சீட் கவர் தைக்கிறவரிடம் கொண்டுபோங்கள், அவர் மெஷின்தான் அந்தத் தடிப்புக்கு இறங்கும்.

வாங்குவதற்கு முன்னால் மாஸ்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதல் சில வாரம் விழுகிற பயிற்சிதான் நடக்கும், அதற்கு டி-ஷர்ட்டும் ஜிப் இல்லாத ட்ராக் பேண்டும் போதுமா என்று கேளுங்கள். பையனுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு வாங்கலாம். அடுத்தது, வளர்ந்த பிள்ளைகளின் பழைய டிரெஸ் யாரிடமாவது இருக்கிறதா என்று. இதில் கூச்சமே வேண்டாம். பழைய டிரெஸ் சுருங்க வேண்டியது சுருங்கி முடித்திருக்கும், போட்டுப் பார்த்தால் தெரிவதுதான் நிஜ அளவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முட்டியும் தோளும் இழை தேய்ந்து தெரிகிறதா, காலர் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழசு கிடைக்காவிட்டால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து மீரட், ஜலந்தர் பக்கத்து விளையாட்டுச் சாமான் தயாரிப்பாளர்களிடமிருந்து மொத்தமாக வரவழைக்க முடியுமா என்றும் மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள், கடை லாபம் மிச்சமாகும்.

நீல டிரெஸ் வேண்டுமா என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கும் நடுவருக்கும் இரண்டு பேரையும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக 1997-ல் சர்வதேச சம்மேளனம் ஏற்றுக்கொண்டது அது, ஒலிம்பிக்கில் 2000 சிட்னியில்தான் முதலில் வந்தது. வகுப்புக்கும் உள்ளூர்ப் போட்டிக்கும் வெள்ளை போதும்.

சின்னவளுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். அண்ணனுடையது குட்டையாகும்போது அவளுக்கு வந்துவிடும், ஆண் பெண் என்று வெட்டு வித்தியாசம் இந்த வயசில் கிடையாது. பெண் பிள்ளைகள் சட்டைக்குள் வட்டக் கழுத்து வெள்ளை டி-ஷர்ட் போட வேண்டும், அது வீட்டிலேயே இருக்கும். அதுவரை டிரெஸ் உழைக்க வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், வெந்நீர் கூடாது, பிளீச்சிங் பவுடர் இழையை அரித்துவிடும், கஞ்சி போட்டால் கழுத்து சிராய்க்கும். கல்லில் அடித்துத் துவைக்காமல் கையால் கசக்குங்கள், அடிக்க அடிக்கக் காலர் தையல் விடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் அலசினால் துணி மஞ்சளாகி மொடமொடப்பது குறையும். ஐப்பசி கார்த்திகை மழையில் சீக்கிரம் காயாது, வகுப்பு முடிந்து வந்த இரவே பையிலிருந்து எடுத்து ஃபேன் அடியில் விரித்துப் போடுங்கள்.

புது டிரெஸ் வந்ததும் நனைக்கும் முன்னால் பையனுக்குப் போட்டு, கையை நீட்டச் சொல்லி, குந்தி எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டை பின்பக்கத்தை முழுசாக மூட வேண்டும், இடது பக்கம் வலது பக்கத்துக்கு மேலே வரவேண்டும். அளவு சரியில்லை என்றால் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர் பட்ட பிறகு எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.