ஸ்ட்ரோலரா, கேரியரா, சும்மா இடுப்பா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து. அதனால் மொத்தமும் அவர்களுக்கே. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பற்றிக் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலூர் கோட்டைக்கோ, காட்பாடியில் அம்மா வீட்டுக்கோ போவோம். கணவர் 9,000 ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கேரியர் வாங்க ஆசை. மாமியாரோ, "இதெல்லாம் எதுக்கு, இடுப்புல வெச்சா போதாதா" என்கிறார். எது சரி? (வாசகி, சத்துவாச்சாரி)

என் ஓட்டில் பாதி மாமியாருக்கு, பாதி உங்களுக்கு. கணவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்ட்ரோலர் வந்தது. முதல் நாளே ஜம்பமாக உருட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டவில்லை. கால்வாய் மேல் போட்டிருந்த இரண்டு சிமெண்ட் பலகைகளுக்கு நடுவே முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, முன்னால் ஒரு மாடு நகர மறுக்கிறது. குழந்தையோடு சேர்த்து வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அவன் அசையாமல் தூங்கினான் என்பது வேறு விஷயம். ஆறு மாதம் கழித்து அந்த ஸ்ட்ரோலரில் வெங்காயம் கொட்டி வைத்தோம். நல்ல காற்றோட்டம், ஒன்றுகூட அழுகவில்லை.

சத்துவாச்சாரித் தெருக்கள் உங்களுக்கே தெரியும். ஸ்ட்ரோலருக்குத் தோதான இடம் என்றால் நம் ஊரில் கோட்டைக்குள்தான். அங்கே தரை சமம், மரநிழல் உண்டு. ஆனால் அங்கே போய்ச்சேர பஸ்ஸோ ஆட்டோவோ ஏற வேண்டும். மடக்கினாலும் ஏழெட்டுக் கிலோ கனக்கிற ஒன்றை ஒரு கையிலும், குழந்தையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் எப்படியும் அதை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சொந்தக் கார் இருந்து, அடிக்கடி சென்னை மால், விமான நிலையம் என்று போகிறவர்கள் என்றால் வாங்கட்டும். அப்போதும் இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ட் இருக்கிறதா, பிரேக் போட்டால் வண்டி அசையாமல் நிற்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். தனியாக உட்கார வராத குழந்தைக்கு முழுதாகச் சாய்கிற இருக்கை வேண்டும்.

இப்போது கேரியர். கழுத்து நின்றுவிட்டதால் உங்கள் மகளுக்குச் சரிப்படும். கடைக்குக் குழந்தையோடு போய், போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பார்க்க வேண்டியது குழந்தையின் கால்களை. தொடை முழுக்கத் துணி தாங்கி, முட்டி இரண்டும் அதன் பிட்டத்தைவிடச் சற்று மேலே, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். கால் இரண்டும் நேராகத் தொங்கினால் அந்தக் கேரியர் வேண்டாம், இடுப்பு மூட்டுக்கு ஆகாது. மாமியாரைக் குழந்தையை இடுப்பில் வைக்கச் சொல்லிப் பாருங்கள், அதே தவளைக் கால்தான். அதனால்தான் பாதி ஓட்டு அவருக்கு.

அப்புறம், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சு முட்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும். துணி வலை மாதிரி காற்றுப் புகுவதாக இருக்கட்டும். கனமான பஞ்சு வைத்த கேரியர் ஊட்டிக்குச் சரி, ஏப்ரல் மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூருக்கு அல்ல. நீங்களும் குழந்தையும் ஒட்டிக்கொண்டு வேர்ப்பீர்கள். கோடையில் காலை எட்டு மணிக்கு முன், இல்லை மாலை ஐந்துக்கு மேல். நடுவில் கோட்டை அப்படியே இருக்கட்டும், அது நானூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது, எங்கும் போகாது.

கேள்வி: மகனுக்குப் பத்து மாதம். வேலூருக்கு பைக்கில்தான் போவோம். மனைவி பின்னால், குழந்தை நடுவில். குழந்தைக்கு பெல்ட் கட்டாயம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், குடியாத்தம்)

உண்மை. 2022இல் மோட்டார் வாகன விதியில் சேர்த்தார்கள், 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையை டூவீலரில் ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் ஆன குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டை 30 கிலோ வரை தாங்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கடையில் 250 ரூபாய்க்குத் தொங்கும் மெல்லிய வார்களில் அது எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. பட்டையே வாங்கினாலும் மூன்று பேர் மூன்று பேர்தான்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் 30 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் பத்து மாதக் குழந்தையை வெயிலிலும் லாரிப் புகையிலும் கொண்டுபோவதற்கு நான் பட்டை பரிந்துரைக்க மாட்டேன், பஸ்ஸைத்தான் சொல்வேன். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. ரயிலில் என்றாலும் ஐந்துக்குக் கீழே தனி இருக்கை கேட்காதவரை இலவசம்தான். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதுதான் தொல்லை.

கேள்வி: டயப்பர் பெரிய பேக்காக வாங்கினால் லாபமா? (வாசகி, ராணிப்பேட்டை)

பேக்கில் ஒரு டயப்பரின் விலையும் அச்சடித்திருப்பார்கள். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 'ஆஃபர்' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு இதை ஒப்பிடுங்கள், பல நேரம் பெரிய பேக்குக்கும் நடுத்தர பேக்குக்கும் வித்தியாசம் காலணாதான். சைஸை மாதக் கணக்கில் பார்க்காமல் கிலோ கணக்கில் பாருங்கள். குழந்தையின் எடை அந்த சைஸின் மேல் எல்லையை நெருங்கினால் சின்ன பேக் போதும். இல்லாவிட்டால் மிச்சமானதை யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் பாட்டிலுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள். பகலில் வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டித் துணியே போதும். வேர்க்குரு குறையும், காசும் மிச்சம்.

கேள்வி: அக்கா மகளுக்கு அடுத்த மாதம் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் நான்தான். கம்மல் பார்க்கப் போனேன். ஜோடி ஒன்றரை கிராம். ஹால்மார்க் எங்கே என்றால், 'சின்ன உருப்படிக்கு அது கிடையாது சார்' என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், ஆற்காடு)

அவர்கள் சொன்னது உண்மைதான் தம்பி. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. குழந்தைக்கு வாங்குகிற கம்மலும் மோதிரமும் பெரும்பாலும் அந்த ஓட்டைக்குள் விழுந்துவிடும். நாம் அதிகம் யோசிக்காமல், 'சீர் செய்யணும்' என்ற அவசரத்தில் வாங்குவதும் அதே நகைகளைத்தான்.

முத்திரை இல்லாதபோது பில்தான் சாட்சி. அதில் எத்தனை கேரட், மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரியில் வர வேண்டும். கல் வைத்த கம்மலில்தான் விளையாட்டு நடக்கும். தராசில் கல்லோடு வைத்து, முழு எடைக்கும் தங்க விலை போட்டுவிடுவார்கள். ஒன்றரை கிராமில் கால் கிராம் கல் என்றால் ஆறில் ஒரு பங்கு காசு கண்ணாடிக்குப் போகிறது. கல் இல்லாத வெறும் உருண்டை வாங்குங்கள். குழந்தைக்கும் அதுதான் நல்லது, கல் கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும். திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே நாலு தடவை திருகிப் பாருங்கள். திரும்பக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

2 கிராமும் அதற்கு மேலும் உள்ள செயின், வளையல் எதுவானாலும் ஹால்மார்க் கட்டாயம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தூய்மை எண், ஆறு எழுத்து-எண் கொண்ட தனிக் குறியீடு, மூன்றும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியீட்டை அடித்தால் என்ன நகை, எத்தனை கேரட் என்று வரும். '916 அடிச்சிருக்கு பாருங்க' என்று 22 கேரட்டுக்கான அந்தத் தூய்மை எண்ணை மட்டும் காட்டினால் போதாது. கொலுசு, அரைஞாண் கொடி போன்ற வெள்ளிப் பொருளுக்கு ஹால்மார்க் இன்னும் கடைக்காரர் விருப்பம்தான். ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து முத்திரை போட்டால் அதே மாதிரி தனிக் குறியீடும் வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒன்பது மாதப் பேரனுக்கு 2,200 ரூபாய் கொடுத்து வாக்கர் வாங்கினேன். நாலாம் நாள் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. கடையில் பில்லைத் திருப்பிக் காட்டி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற ரப்பர் ஸ்டாம்பைத் தட்டுகிறார்கள். (வாசகி, ஆம்பூர்)

அந்த ஸ்டாம்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று போனால் கடைக்காரர் மறுக்கலாம். பழுதான பொருள் வேறு கணக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் அதைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில், கழன்ற சக்கரத்தின் போட்டோ, வாங்கிய தேதி, மூன்றையும் வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் செய்யுங்கள். 2,200 ரூபாய் விஷயங்கள் பாதிக்கு மேல் அந்த ஃபோனோடு முடிந்துவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். பணமாக வாங்குங்கள், பதிலுக்கு இன்னொரு வாக்கர் வேண்டாம். அதற்குள் உட்கார்ந்த குழந்தை நாம் எழுந்திருப்பதற்குள் அடுப்படிக்கோ படிக்கோ போய்விடும். கனடாவில் 2004லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். சீக்கிரம் நடக்க வைக்கும் என்பதும் கடைக்காரர் பேச்சுதான். பேரன் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்ததும் மரத்தில் செய்த நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். அதை அவன் தன் காலில் நின்று தள்ள வேண்டும். பிளாஸ்டிக் பொம்மைகளில் 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைஞர்கள் செய்யும் சில மரப் பொருள்களுக்கு விலக்கு இருப்பதால் நடைவண்டியில் அது இல்லாமல் போகலாம். சாயம் பூசாததாகப் பார்த்து எடுங்கள், ஆணி எங்காவது துருத்துகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு ஏலகிரியில் ஒரு நாள் தங்கினோம். ரூம் பில்லில் 'குழந்தைக்கு 500', சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று போட்டார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (வாசகர், வேலப்பாடி)

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கிடையாது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதிமுறையை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம். குழந்தைக்கான 500, நீங்கள் புக் செய்யும்போது சொல்லியிருந்தால் கொடுக்க வேண்டியதுதான். சொல்லவில்லை என்றால் சண்டை போடலாம். அடுத்த முறை, 'எட்டு மாதக் குழந்தை, தனிப் படுக்கை வேண்டாம், கட்டணம் உண்டா?' என்று முன்பே மெசேஜில் கேட்டுவிடுங்கள், பதிலை அழிக்காதீர்கள். ஏலகிரி ஏறப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பால் கொடுத்துவிடுங்கள். மாற்றுத் துணி மேல் பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.