சாய்தளத்தில் புகை: புகாரை எப்படி எழுதுவது

வணக்கம். உங்கள் கல்லூரி நூலகத்துக்குள் சக்கர நாற்காலி ஏறும் ஒரே சாய்தளத்தில்தான் புகைபிடிப்பவர்கள் கூடுகிறார்கள், உங்களுக்கு ஆஸ்துமாவும் உண்டு, நேரில் சொன்னதற்கு ‘பலகை வைத்திருக்கிறோமே’ என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பலகை மட்டும் போதவே போதாது.

இதைப் புகைபிடிப்போர் மீதான புகாராக எழுதாதீர்கள்; ஒழுங்கு விவகாரமாகி வாசல் காவலரோடு நின்றுவிடும். ‘எனக்குள்ள ஒரே வழி பயன்படவில்லை’ என்று எழுதினால் அது அணுகல் மறுப்பு. உங்கள் நாடு ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றிருந்தால் அதன் 9ஆம் பிரிவையும் (அணுகல்), 24ஆம் பிரிவையும் (கல்வி) சுட்டுங்கள்.

இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: தேதி, நேரம், எந்த வாசல், திரும்பிப் போக நேர்ந்ததா, இன்ஹேலர் எடுத்தீர்களா. படம் எடுத்தால் அதில் முகங்கள் வேண்டாம். சாம்பல் தொட்டியும் சாய்தளமும் ஒன்றாகத் தெரிந்தால் போதும். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. புகை பட்டால் என்ன ஆகும், படிக்கட்டு ஏன் முடியாது என்பதும் வேண்டும்.

கோரிக்கையில் முதலில் அந்தச் சாம்பல் தொட்டியை அகற்றச் சொல்லுங்கள். தொட்டி இருக்கும் இடத்தில்தான் கூட்டம் சேரும். அடுத்து, கட்டடம் வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் எங்கே என்று கேளுங்கள்; அது வாசலருகே இருந்தால் புகை உள்ளேயும் போகும். சாதாரண வடிகட்டி புகையின் வாயுக்களைப் பிடிக்காது.

மாற்றுத்திறனாளிகள் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பின்வாசலைத் தற்காலிகமாகத் தந்தால், முடிவு தேதியை எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.